தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.: ஆபத்தைக் கூட்டுபவை எவை, குறைப்பவை எவை?

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு பெண் கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் அவரும் அவருடைய குடும்பத்தாரும் முதலில் கேட்பது, குழந்தைக்கும் வந்துவிடுமா என்பதைத்தான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எந்தச் சூழ்நிலையில் வரும், எதனால் வரும், எந்த நேரத்தில் தடுக்க முடியும் என்று பிரித்துச் சொன்னால்தான் கேட்பவரின் மனம் நிலைகொள்கிறது. ஆலோசனை அறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். மருந்தையும் பிரசவ முறையையும் முடிவுசெய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் குழந்தைக்கும் கட்டாயம் வருமா?

வராது. எந்தச் சிகிச்சையும் எடுக்காத நிலையில்கூட எல்லாக் குழந்தைகளுக்கும் தொற்று வருவதில்லை. மருந்தே இல்லாதபோது, தாய்ப்பால் கொடுக்கும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று ஏற்படும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. தாய் தொடர்ந்து கூட்டு மருந்துச் சிகிச்சை எடுத்து, அவருடைய இரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கியிருந்தால், இந்த ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஓர் ஆய்வில், சிடோவுடின் என்ற ஒரேயொரு மருந்தைத் தாய்க்குக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும், பிறகு குழந்தைக்கும் கொடுத்தபோது, தொற்று விகிதம் 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது. குழந்தைக்குப் பரவுவதைத் தடுக்க முடியும் என்பது உறுதியானது அப்போதுதான். 2015-இல் கியூபாவும், 2016-இல் தாய்லாந்தும், 2018-இல் மலேசியாவும், 2019-இல் இலங்கையும் தாய்வழித் தொற்றை ஒழித்த நாடுகளாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன.

குழந்தைக்குத் தொற்று எந்தக் கட்டத்தில் ஏற்படுகிறது?

மூன்று கட்டங்கள் உள்ளன: கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் குடிக்கும்போது. சிகிச்சை இல்லாத நிலையில், 100 குழந்தைகளில் சுமார் 5 முதல் 10 பேருக்குக் கருவிலும், 10 முதல் 20 பேருக்குப் பிரசவ நேரத்திலும், 5 முதல் 20 பேருக்குத் தாய்ப்பால் வழியாகவும் தொற்று ஏற்படலாம்.

தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் நச்சுக்கொடியின் திசு ஒரு சுவர்போல நிற்கிறது. பெரும்பாலான கர்ப்பங்களில் அந்தச் சுவர் வைரஸைத் தடுத்துவிடுகிறது. நச்சுக்கொடியில் அழற்சியோ வேறு தொற்றோ ஏற்பட்டு அந்தச் சுவர் பலவீனமடையும்போது வைரஸ் கடந்துசெல்ல இடம் கிடைக்கிறது. கருவில் ஏற்படும் தொற்றுகளில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் நிகழ்பவை.

பிரசவ வலி தொடங்கிய பிறகு நிலைமை மாறுகிறது. கருப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் தாயின் இரத்தம் நுண்ணிய அளவில் குழந்தையின் பக்கம் கசிய வாய்ப்பு உண்டு. அதோடு, பிறப்புப் பாதையில் இறங்கும் குழந்தையின் கண், வாய், மூக்கு ஆகியவற்றின் மென்மையான உட்சவ்வுகளில் தாயின் இரத்தமும் சுரப்புகளும் படுகின்றன. ஒன்பது மாதக் கர்ப்பத்தைவிடச் சில மணி நேரப் பிரசவம் அதிக ஆபத்தைக் கொண்டிருப்பது இதனால்தான்.

ஆபத்துக் காரணிகளில் முதன்மையானது எது?

தாயின் இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு. இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் மற்ற எல்லாக் காரணிகளையும் இதோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை வைரஸ் நகல்கள் உள்ளன என்று எண்ணும் பரிசோதனை இது. பலரும் இதை 'வைரல் லோடு' என்றே சொல்கிறார்கள்.

1999-இல் அமெரிக்காவில் 552 தாய்மாரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வைரஸ் அளவு 1,000-க்குக் கீழே இருந்த 57 பெண்களில் ஒருவருடைய குழந்தைக்கும் தொற்று வரவில்லை. 1,000 முதல் 10,000 வரை இருந்தவர்களில் 16.6 சதவீதக் குழந்தைகளுக்கும், 10,000 முதல் 50,000 வரை இருந்தவர்களில் 21.3 சதவீதக் குழந்தைகளுக்கும், 50,000 முதல் ஒரு லட்சம் வரை இருந்தவர்களில் 30.9 சதவீதக் குழந்தைகளுக்கும் தொற்று வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தவர்களில் இது 40.6 சதவீதம். படிப்படியாக ஏறும் இந்த எண்களைப் பார்த்தாலே, கர்ப்ப காலத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும்.

உடலின் நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பதும், நோய் முற்றிய நிலையில் இருப்பதும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை என்பதை மட்டும் வைத்து யாரும் நிம்மதியடைந்துவிட வேண்டாம். பார்ப்பதற்கு முழு ஆரோக்கியத்துடன் இருக்கும் பெண்ணின் இரத்தத்திலும் வைரஸ் அளவு பல்லாயிரத்தில் இருக்கலாம்.

மருந்தை எந்த மாதத்தில் தொடங்கினால் போதும்?

தொற்று தெரிந்த நாளிலேயே தொடங்க வேண்டும். முதல் மூன்று மாதம் கழியட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது.

பிரான்சில் 2000 முதல் 2011 வரை 8,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைத் தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வின் கணக்கு இது. கருத்தரிப்பதற்கு முன்பே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களின் குழந்தைகளில் 0.2 சதவீதத்தினருக்குத்தான் தொற்று வந்தது. முதல் மூன்று மாதங்களில் தொடங்கியவர்களில் இது 0.4 சதவீதம், நடு மூன்று மாதங்களில் தொடங்கியவர்களில் 0.9 சதவீதம், கடைசி மூன்று மாதங்களில் தொடங்கியவர்களில் 2.2 சதவீதம். கருத்தரிக்கும் முன்பே மருந்தைத் தொடங்கி, இடைவிடாமல் எடுத்து, பிரசவத்தின்போது வைரஸ் அளவு 50-க்குக் கீழே இருந்த பெண்களுக்குப் பிறந்த 2,651 குழந்தைகளில் ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று வரவில்லை. இந்தக் கடைசி வரியை நான் சொல்லும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அந்த எண்ணை இன்னொரு முறை சொல்லச் சொல்வார்.

ஏழாம், எட்டாம் மாதத்தில்தான் தொற்று தெரியவந்தது என்றால் இனிப் பயனில்லை என்று கைவிட்டுவிடக் கூடாது. டோலுடெகிராவிர் சேர்ந்த மருந்துகள் வைரஸ் அளவை வேகமாகக் கீழே கொண்டுவருகின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிகிச்சை தொடங்கிய பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இந்த மருந்தை எடுத்தவர்களில் ஏறத்தாழ 74 சதவீதத்தினருக்குப் பிரசவ நேரத்தில் வைரஸ் அளவு 50-க்குக் கீழே வந்திருந்தது. பழைய எஃபாவிரென்ஸ் மருந்தை எடுத்தவர்களில் அது 43 சதவீதம் மட்டுமே. பிரசவத்துக்கு முன் குறைந்தது நான்கு வாரமாவது மருந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்பது ஒரு பொதுவான அளவுகோல். அதற்கும் குறைவாக இருந்தால் குழந்தையை அதிக ஆபத்துள்ள பிரிவில் வைத்துக் கூடுதல் மருந்து கொடுப்பார்கள்.

மாத்திரையை ஒழுங்காகத்தான் எடுக்கிறேன். ஆனாலும் வைரஸ் அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணைச் சந்தேகிப்பதற்கு முன், அவருடைய மாத்திரைப் பையைத் திறந்து பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், அத்தனையையும் உள்ளங்கையில் வைத்து, வெறும் வயிற்றில் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவோர் உண்டு. இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் டோலுடெகிராவிரைக் குடலிலேயே பற்றிக்கொள்வதால், அந்த மருந்து இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடுகிறது. ஒரு வேளைகூடத் தவறவிடாத பெண்ணுக்கு மருந்து பாதியளவில் வேலை செய்வது இப்படித்தான்.

வழி எளிது. உணவோடு சேர்த்து எடுப்பதானால் மூன்றையும் ஒன்றாக எடுக்கலாம். வெறும் வயிற்றில் எடுப்பதானால், இரும்பு அல்லது சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் மெக்னீசியம், அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்துகளை உணவோடுகூடச் சேர்த்து எடுக்கக் கூடாது. அவற்றுக்கு இந்த நேர இடைவெளி கட்டாயம்.

மசக்கை வாந்தி இன்னொரு காரணம். மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி வந்துவிட்டால் மருந்தும் வெளியே போயிருக்கும். அந்நிலையில் மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வாந்தியைக் கட்டுப்படுத்தவும் மருந்து கேளுங்கள். இவை எதுவும் இல்லாமலும் வைரஸ் அளவு குறையவில்லை என்றால், வைரஸ் அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கக்கூடும். அப்போது மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பத்தில் இதற்கெல்லாம் கைவசம் இருப்பது சில வாரங்கள்தான் என்பதால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. மறுபடி ஏன் பரிசோதிக்கிறார்கள்?

அதிகம் கவனிக்கப்படாமல் போகும் ஆபத்து இதுதான் என்பது என் கருத்து. கர்ப்ப காலத்திலோ தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலோ புதிதாகத் தொற்று ஏற்பட்டால், முதல் சில வாரங்களில் உடல் இன்னும் எதிர்ப்பைத் திரட்டாத நிலையில், வைரஸ் அளவு மிக மிக உயரத்துக்குப் போகிறது. ஒரு மில்லி லிட்டரில் பல லட்சம் நகல்கள் இருப்பது சாதாரணம். அதே வாரங்களில், தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அறிகுறி என்று பார்த்தால் இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, அவ்வளவுதான். அதைக் கர்ப்பக் களைப்பு என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மற்ற காலங்களைவிட அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அதனால்தான் தொற்று வாய்ப்புள்ள பெண்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் மறுபரிசோதனை செய்யப்படுகிறது. ஒரு முறையும் பரிசோதிக்காமல் வலியோடு வந்து சேர்பவர்களுக்குப் பிரசவ அறையிலேயே விரைவுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தந்தைக்குத் தொற்று இருந்து தாய்க்கு இல்லையென்றால் குழந்தைக்கு வருமா?

வராது. தந்தையின் விந்திலிருந்து நேரடியாகக் கருவுக்கு எச்.ஐ.வி. போவதில்லை. தாய்க்குத் தொற்று ஏற்பட்டால்தான் குழந்தைக்கு ஆபத்து. ஆனால் மேலே சொன்னபடி, கர்ப்பத்தில் தாய்க்குப் புதிதாகத் தொற்று வருவது பெரும் ஆபத்தாகையால், அந்தக் காலம் முழுவதும் தாயைக் காப்பதே குழந்தையைக் காப்பதாகும். கணவர் மருந்தை ஒழுங்காக எடுத்துத் தன் வைரஸ் அளவைக் கண்டறிய முடியாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை ஆணுறை வேண்டும். தேவைப்பட்டால் மனைவிக்கு, தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் முன்தடுப்பு மருந்தும் கொடுக்கலாம். அதைக் கர்ப்ப காலத்திலும் எடுக்கலாம்.

வேறு நோய்களும் உணவும் பழக்கங்களும் இதைப் பாதிக்குமா?

பாதிக்கும். சிபிலிஸ், பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ் போன்ற பால்வினை நோய்கள் இருந்தால், பிறப்புப் பாதையின் சுரப்புகளில் வைரஸ் அளவு கூடுகிறது. புண் இருக்கும் இடத்தில் குழந்தை இரத்தத்தோடு நேரடித் தொடர்புக்கு வருகிறது. பனிக்குடச் சவ்வில் ஏற்படும் பாக்டீரியாத் தொற்று, காசநோய், நச்சுக்கொடியைத் தாக்கும் மலேரியா ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. எனவே எச்.ஐ.வி. பரிசோதனையோடு சிபிலிஸ் பரிசோதனையும் செய்யப்பட்டதா என்று ஒவ்வொரு கர்ப்பிணியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தில் புகைபிடிப்பதும் போதைப்பொருள் பழக்கமும் ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டறியப்பட்டுள்ளது.

உணவைப் பொறுத்தவரை, வைட்டமின் ஏ குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொற்று அதிகமாக இருந்ததை வைத்து, அந்த வைட்டமினைக் கொடுத்தால் ஆபத்து குறையும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. சத்துணவு தாய்க்கும் கருவுக்கும் தேவைதான், ஆனால் அது எச்.ஐ.வி. மருந்தின் வேலையைச் செய்யாது.

பனிக்குடம் உடைந்துவிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் பிரசவம் ஆக வேண்டும்?

கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாவதற்கு முன் நடந்த ஆய்வுகளில், பனிக்குடம் உடைந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனவர்களில் 25 சதவீதக் குழந்தைகளுக்கும், நான்கு மணி நேரத்துக்குள் பிறந்தவர்களில் 14 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. பனிநீர் வடிந்த பிறகு, அதுவரை மூடியிருந்த அறையின் கதவு திறந்ததுபோல, பிறப்புப் பாதையின் சுரப்புகளுக்கும் குழந்தைக்கும் நடுவில் தடுப்பு இல்லாமல் போகிறது. ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் ஆபத்து சுமார் 2 சதவீதம் ஏறுவதாக, அதாவது ஏற்கெனவே உள்ள ஆபத்தில் நூற்றில் இரு பங்கு கூடுவதாக, மற்றொரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

வைரஸ் அளவு நன்கு அடங்கியுள்ள தாய்க்கு இந்த மணிக்கணக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் நீர் போவதுபோல் தெரிந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். எத்தனை மணிக்கு நீர் போனது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரம் உங்கள் கையில் எழுதப்பட்டிருந்தால், பிரசவ அறையில் இருப்பவர்கள் எடுக்க வேண்டிய முடிவு எளிதாகும்.

அப்படியென்றால் சிசேரியன்தான் பாதுகாப்பானதா?

எல்லோருக்கும் அல்ல. 1999-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், வலி தொடங்குவதற்கு முன்பே திட்டமிட்டு சிசேரியன் செய்ய ஒதுக்கப்பட்ட பிரிவில் 1.8 சதவீதக் குழந்தைகளுக்கும், சுகப்பிரசவத்துக்கு ஒதுக்கப்பட்ட பிரிவில் 10.5 சதவீதக் குழந்தைகளுக்கும் தொற்று இருந்தது. இந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்து, எச்.ஐ.வி. என்றாலே அறுவைதான் என்ற எண்ணம் பரவியது. ஆனால் அந்தத் தாய்மாரில் பெரும்பாலோருக்கு இன்றைய கூட்டு மருந்து கிடைத்திருக்கவில்லை.

இன்று முடிவைத் தீர்மானிப்பது பிரசவத்தை ஒட்டி எடுக்கும் வைரஸ் அளவுதான். அது அடங்கியிருந்தால் சுகப்பிரசவத்தில் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. அறுவையால் தாய்க்கு வரக்கூடிய காய்ச்சல், இரத்தப்போக்கு, தழும்பின் தொல்லைகள்தான் மிச்சம். வைரஸ் அளவு 1,000-க்கு மேல் இருந்தாலோ தெரியாவிட்டாலோ, 38-ஆம் வாரத்தில், வலியும் நீர்ப்போக்கும் தொடங்குவதற்கு முன், திட்டமிட்டு சிசேரியன் செய்யலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். சில நாடுகள் இதைவிடக் குறைந்த எண்ணை எல்லையாக வைத்திருக்கின்றன. வலி முற்றி, பனிக்குடமும் உடைந்த பிறகு, எச்.ஐ.வி.யைத் தடுக்க என்று மட்டும் அவசரமாகச் செய்யும் அறுவைக்கு அந்தப் பயன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வைரஸ் அளவு அதிகமுள்ள தாய்க்குப் பிரசவத்தின்போது சிடோவுடினை நரம்பு வழியாகவும் ஏற்றுவார்கள்.

தொற்று என்ற காரணத்தைச் சொல்லி, வைரஸ் அளவைக்கூடப் பார்க்காமல் அறுவைக்குத் தள்ளுவதோ, அதே காரணத்தால் பிரசவம் பார்க்கவே தயங்குவதோ தவறு. இரண்டையும் பெண்கள் சொல்லி அழக் கேட்டிருக்கிறேன்.

பிரசவ அறையில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

குழந்தையின் தோலிலோ தாயின் உடலிலோ தேவையில்லாமல் காயம் உண்டாக்கும் எதையும் தவிர்க்க வேண்டும். பனிக்குடத்தை வேண்டுமென்றே உடைப்பது, குழந்தையின் தலையில் ஊசி மின்முனை பொருத்தி இதயத் துடிப்பைப் பார்ப்பது, ஆயுதம் போட்டு எடுப்பது, வழக்கம் என்பதற்காகத் தையல் வெட்டு வைப்பது ஆகியவை வைரஸ் அடங்காத தாய்க்கு ஆபத்தைக் கூட்டுபவை. தாய் அல்லது குழந்தையின் உயிருக்காகத் தேவைப்பட்டால் இவற்றைச் செய்யத்தான் வேண்டும். கர்ப்பத்தின் நடுவில் பனிநீர் எடுத்துப் பரிசோதிக்க நேர்ந்தாலும், வைரஸ் அளவு அடங்கிய பிறகு செய்வதே நல்லது.

பிறந்த குழந்தையின் மேல் உள்ள இரத்தத்தையும் சுரப்புகளையும் துடைத்துவிட்டு, ஊசி போடும் இடத்தைச் சுத்தம்செய்த பிறகே ஊசி போட வேண்டும். தொப்புள்கொடியை உடனே வெட்டிவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை. மற்றக் குழந்தைகளுக்குப் போலவே ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய் எச்.ஐ.வி. மருந்துகளில் புரோட்டீயேஸ் தடுப்பு என்ற வகையை எடுப்பவராக இருந்தால், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்த எர்கோமெட்ரின் போடக் கூடாது, அந்த இரண்டும் சேர்ந்தால் இரத்தக் குழாய்கள் ஆபத்தான அளவுக்குச் சுருங்கிவிடும். எனவே என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதைப் பிரசவம் பார்ப்பவரிடம் பெயரோடு சொல்லுங்கள்.

இரட்டைக் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகமா?

சிகிச்சை இல்லாத காலத்தின் ஆய்வுகளில், இரட்டையரில் முதலில் பிறந்த குழந்தைக்குத் தொற்று அதிகம் காணப்பட்டது. பிறப்புப் பாதையின் வாயருகே நீண்ட நேரம் இருந்து வழி திறப்பது அந்தக் குழந்தைதான். பிரசவ நேரத்தில் தொற்று ஏற்படுகிறது என்பதற்கு இதுவே முக்கியச் சான்றுகளில் ஒன்றாக அமைந்தது. குறைமாதக் குழந்தைகளின் தோலும் குடலும் முதிராதவை, தாயிடமிருந்து பெறும் எதிர்ப்பொருளும் குறைவு. அதனால் அவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

இந்த மருந்துகள் கருவுக்குக் கேடு செய்யாதா?

2018-இல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த முதற்கட்டத் தகவலில், கருத்தரிக்கும்போது டோலுடெகிராவிர் எடுத்தவர்களின் குழந்தைகளில் முதுகுத்தண்டுக் குறைபாடு சற்று அதிகமோ என்ற ஐயம் எழுந்தது. அதே ஆய்வு மேலும் பல பிரசவங்களைப் பதிவுசெய்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம், கருவுறும் வயதுப் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. கருவுக்கு ஆகாது என்று பயந்து மாத்திரையை நிறுத்துவதால் வரும் கேடு, மாத்திரையால் வரக்கூடியதைவிட மிகப் பெரியது. நிறுத்திய சில வாரங்களிலேயே வைரஸ் அளவு மறுபடி ஏறிவிடும்.

பிறந்த குழந்தைக்கு எதற்கு மருந்து? தாய் எடுப்பது போதாதா?

பிரசவத்தின்போது ஒருவேளை வைரஸ் குழந்தையின் உடலுக்குள் புகுந்திருந்தால், அது வேரூன்றுவதற்கு முன்பே தடுக்க இந்த மருந்து. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் முதல் வேளை கொடுப்பது சிறந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தாய் மருந்தே எடுக்காமல், பிறந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு மட்டும் சிடோவுடின் தொடங்கிய இடங்களில் தொற்று 9.3 சதவீதமாகவும், மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ தொடங்கியபோது 18.4 சதவீதமாகவும், மருந்தே கொடுக்காதபோது 26.6 சதவீதமாகவும் இருந்தது.

சாதாரணமாக நெவிரபின் அல்லது சிடோவுடின் சொட்டுமருந்து ஆறு வாரம் வரை கொடுக்கப்படும். தாய் நான்கு வாரத்துக்கும் குறைவாகவே மருந்து எடுத்திருந்தாலோ, பிரசவத்துக்கு முந்தைய நான்கு வாரங்களில் வைரஸ் அளவு 1,000-க்கு மேல் இருந்தாலோ, கர்ப்பத்திலோ தாய்ப்பால் காலத்திலோ புதிதாகத் தொற்று ஏற்பட்டிருந்தாலோ, குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் 12 வாரம் வரையும் தேவைப்படலாம்.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

இதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில் இல்லை. தாய் மருந்து எடுத்து, தொடர் கவனிப்பில் இருந்தால், குறைந்தது 12 மாதம் தாய்ப்பால் கொடுக்கலாம், 24 மாதம் வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்று 2016 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூய குடிநீரும் பால்மாவும் உறுதியாகக் கிடைக்கும் சில நாடுகள் புட்டிப்பாலை முன்பு வற்புறுத்தின. இன்று அங்கும் தாயோடு கலந்துபேசி முடிவெடுக்கும் போக்கு வந்திருக்கிறது. தாய் கூட்டு மருந்து எடுத்தபடி பால் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், குழந்தைகளுக்கான தொற்று ஆறு மாதத்தில் 0.3 சதவீதமாகவும் ஒரு வருடத்தில் 0.6 சதவீதமாகவும் இருந்தது. ஆபத்து மிகவும் குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. இதை அப்படியே தாயிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கொடுப்பதானால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய்ப்பாலோடு வேறு பாலும் கூழும் கலந்து கொடுத்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிடத் தொற்று அதிகமாக இருந்ததைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆய்வு 1999-லேயே காட்டியது. வெளி உணவு பிஞ்சுக் குடலின் உட்சவ்வை உறுத்திப் புண்ணாக்குவது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரு வேளை வேறு பால் கொடுத்துவிட்டேன், இனித் தாய்ப்பால் தரக் கூடாதா என்று பதறுகிறவர்களுக்கு: தாய் மருந்தை ஒழுங்காக எடுத்துவந்தால், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

காம்பில் வெடிப்பு, பால்கட்டு, மார்பில் சீழ், குழந்தையின் வாய்க்குள் வெண்புண் ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை. வெடிப்போ சீழோ உள்ள மார்பில் கொடுக்காமல், பாலைப் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு, மறு மார்பில் கொடுத்தபடியே உடனே சிகிச்சை பெற வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டது. இனி என் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இது வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய சிகிச்சை. ஒன்பது மாதமும் கடிகாரம் பார்த்து மாத்திரை எடுத்த பெண்கள், பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாத இரவுகளிலும் மனச்சோர்விலும் தவறவிடுவது உண்டு. பால் கொடுக்கும் தாயின் வைரஸ் அளவு அந்த மாதங்களில் ஏறினால், அதுவரை காத்த குழந்தைக்கே ஆபத்து திரும்புகிறது. அந்த நேரத்தில் குழந்தையை ஒருவர் வாங்கிக்கொண்டு, மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுப்பதுதான் வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் மருந்து எடுக்கிறேன். இதனால் குழந்தைக்கு ஆபத்தா?

மறைப்பதால் வைரஸ் பரவுவதில்லை. ஆனால் மறைக்க வேண்டியிருப்பதால் மாத்திரைகள் தவறுகின்றன, பரிசோதனை நாட்கள் தவறுகின்றன, தாய்வீட்டுக்குப் போகும்போது மருந்துப் புட்டி இங்கேயே தங்கிவிடுகிறது. சுற்றியிருப்பவர்களின் ஏச்சும் ஒதுக்கலும் எந்த ஆய்வகத்திலும் அளக்க முடியாத ஆபத்துக் காரணி என்றே நான் கருதுகிறேன். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அந்தப் பெண்ணின் உரிமை. வன்முறைக்கு அஞ்சும் நிலையில் சொல்லும்படி யாரும் வற்புறுத்தக் கூடாது. நம்பகமான ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் போதும். மாத்திரையை அடையாளச்சீட்டு இல்லாத வேறு டப்பாவில் மாற்றி வைக்கலாமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். சில மருந்துகள் ஈரத்தில் கெட்டுவிடும்.

என் குழந்தையின் பரிசோதனையில் எதிர்ப்பொருள் உள்ளது என்று வந்திருக்கிறது. தொற்று வந்துவிட்டதா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. தாயின் எதிர்ப்பொருட்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், 18 மாதம் வரைகூட அதன் இரத்தத்தில் தங்கியிருக்கலாம். ஆகவே வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் கைக்குழந்தைகளுக்கு உரியது. அது பிறந்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் செய்யப்படும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனும் செய்யலாம். பால் குடிக்கும் குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் மறுபடி செய்வார்கள்.

முதல் முடிவு தொற்று உள்ளது என்று வந்தால், உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி எடுக்கப்படும். ஆனால் அதன் முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருந்து தொடங்கப்பட வேண்டும், ஏனென்றால் சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் பிறந்தநாளையும், பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளையும் காண்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில், நோய் முற்றக் காத்திராமல் பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கியதால் குழந்தைகளின் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. முடிவு தொற்று இல்லை என்று வந்த குழந்தைக்கும், பால் குடிக்கும் வரை தொடர் பரிசோதனைகள் உண்டு. 18 மாதம் நிறைந்து, தாய்ப்பால் நிறுத்தி மூன்று மாதமும் கழிந்த பிறகு செய்யும் எதிர்ப்பொருள் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால்தான் அது இறுதி முடிவாகும். அதுவரை குறித்துக் கொடுத்த எந்தத் தேதியையும் தவறவிடாதீர்கள்.